வெள்ளரிக்காய்க்கு மடித்த உப்பு

ஒன்பதரை. இந்நேரம் பனிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இல்லை, சேர்ந்திருக்க மாட்டார்கள். கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கிற கடை வாசலில் ஜீப்காரன் நிறுத்தியிருப்பான், நாற்பது பேருக்கும் அளவு பார்த்து மாட்டிவிடுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிப்போகும், பெண்டாட்டி தையல்நாயகிக்குக் காலில் ஆணி வேறு, பூட்ஸ் கடிக்கும், எனக்கு வேண்டாம் நான் இங்கேயே இருக்கேன் என்று கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் நல்லது, உட்கார்ந்துவிடேன் தாயே, என்று மாசிலாமணி பருப்பு அண்டாவைப் பார்த்து வாய்விட்டே சொல்லிவிட்டான். எதிரே அரிவாள்மணையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கோதண்டம் தலையைத் தூக்கி, "யாரை உக்காரச் சொல்றே மாசி?" என்றார். "பருப்பைத்தாண்ணே." "பருப்பு உக்காந்துதான் இருக்கு, வேகத்தான் மாட்டேங்குது." அதுவும் சரிதான், இந்த மனாலியில் எந்தப் பருப்புதான் ஒழுங்காக வெந்திருக்கிறது, தண்ணீர் கொதிக்கிற மாதிரி காட்டும், கொதிக்காது, ஊரில் இருபது நிமிஷம் என்றால் இங்கே ஐம்பது. மாசிலாமணிக்கு இந்த நாடு முழுக்க இப்படித்தான் தெரியும். டெல்லி என்றால் டீ பொங்காத தண்ணீர், ஹரித்வார் என்றால் சோறு உதிரி உதிரியாக வருகிற தண்ணீர், காசி என்றால் சத்திரத்துக் கொல்லையில் புகை போக வழியில்லாத கொட்டகை. மயிலாடுதுறை யாத்திரைக் கம்பெனியில் இருபது வருஷமாகத் தலைமைச் சமையல். பனிமலைக்கு மட்டும் பதினான்கு தடவை வந்திருக்கிறான், பதினான்கு தடவையும் இதே ஓட்டல், இதே பின்பக்கம், இதே தகரக் கொட்டகை. பனியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கொட்டகைக்கு வெளியே வந்து கழுத்தை உயர்த்தினால் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான் அவனுக்கும் பனிக்கும் உள்ள உறவு. இது தையல்நாயகிக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிடும். இன்னும் ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ, குனிவாள், ஒரு விள்ளல் எடுப்பாள், நாக்கில் வைப்பாள், அதோடு தெரிந்துவிடும்.

பெண்டாட்டியிடம் பொய் சொல்ல வேண்டும் என்று எவனாவது திட்டம் போட்டுக்கொண்டு உட்காருவானா? அதுவா வந்தது. முதல் யாத்திரை முடிந்து ஊர் திரும்பிய சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தாள், உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்திக்கொண்டே, "சொல்லுங்க, என்னென்ன பாத்தீங்க?" என்றாள். என்னத்தைப் பார்த்தான்? பதினாறு நாளும் அண்டாவைப் பார்த்தான். ஜனங்கள் கோயிலையும் கோட்டையையும் பார்க்கப் போகிற நேரம்தான் அவன் அடுப்பு எரிகிற நேரம், அவர்கள் திரும்பி வந்தால் பசியோடு வருவார்கள், சாப்பிட்டு எழுந்தால் பாத்திரம், பாத்திரம் கழுவினால் மூட்டை, மூட்டை கட்டினால் பஸ். ஊர் ஊராகச் சுற்றலாம் என்று ஆசைப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தான், பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய இந்தியா படத்தில் விரலை வைத்து ஓட்டி ஓட்டிப் பார்த்த பயல், கடைசியில் சுற்றியது என்னவோ கரண்டிதான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவள் விரல் தலைமேல் நின்றுபோய்க் காத்திருந்தது, அந்தக் காத்திருப்பு மண்டைக்குள் இறங்கியது, கல்யாணமாகி நாலு வருஷத்தில் சீர்காழியைத் தாண்டி அவளை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. பந்தியில் குழம்பு ஊற்றும்போது காதில் விழுந்ததை எடுத்துவிட்டான். கங்கையில் விளக்கு விடுவதைச் சொன்னான், "அப்படியே ஆறு முழுக்க நெருப்பு தையலு" என்றான். நின்ற விரல் மறுபடி நகர்ந்தது. எண்ணெய் கண்ணில் இறங்கும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான், சத்தியமாக மாட்டான். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே சனிக்கிழமை, அதே மணை, அதே கேள்வி. அவனும் தேறிவிட்டான். பந்தியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், யார் எதைச் சொன்னாலும் பொறுக்கிக்கொள்வான், போதாததற்குக் கேள்வி வேறு கேட்பான். அவள் வாங்கிக் கொடுத்த குரங்குக் குல்லாய் பிரிக்காமலே திரும்பினால் சந்தேகம் வருமே என்று வருகிற வழியில் அதைத் தண்ணீரில் முக்கிக் கசக்கி ரயில் ஜன்னலில் காயப்போடுவான். எவ்வளவு யோசனை பார். அந்த யோசனையில் பாதி இருந்திருந்தால் ஒரு தடவை மேலே போயே வந்திருக்கலாம். சாம்பார் கொதி வருகிறது, புளித்தண்ணீர் விட்டாயிற்று, பொடி போட்டாயிற்று, உப்பு? போட்டானா? போட்ட மாதிரியும் இருக்கிறது, போடப்போன கையைக் கோதண்டம் எதற்கோ கூப்பிட்டு இழுத்த மாதிரியும் இருக்கிறது. வாயில் வைத்துப் பார்க்கவும் முடியாது. யாத்திரைச் சமையல் சாமிக்குக் காட்டிய பிறகுதான் மனுஷன் நாக்குக்கு, அதுவரை ஒரு சொட்டு தொடக்கூடாது, கையளவும் மூக்கும்தான் கணக்கு. இருபது வருஷத்தில் உப்பில் அவன் கை தவறியதில்லை.

உப்பு. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. எல்லாக் கதையும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தப் பாழாய்ப்போன உப்பை மட்டும் எங்கிருந்து கொண்டுவந்து போட்டான்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பட்டுக்கோட்டை பேங்க்காரர், தங்க ஃபிரேம் கண்ணாடி, ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிற ஆள். "சார், பனி எப்படி சார் இருக்கும்?" என்று இவன் கேட்க, அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "உப்புக் கரிக்கும்யா" என்றார். அவருக்கென்ன, ஒரு வேடிக்கை. இவனுக்கு அது வேதவாக்கு. ஏன் நம்ப மாட்டான்? வேதாரண்யத்தில் உப்பளம் பார்த்தவன், வெயிலில் கண் கூசுகிற வெள்ளையில் குவியல் குவியலாக மலை மாதிரி நிற்குமே, அதைத்தான் அவன் பனிக்கு வைத்திருந்தான். அதோடு குல்பிக்காரன் பானையில் ஐஸைச் சுற்றிக் கல்லுப்பைக் கொட்டுவதையும் பார்த்திருக்கிறான், ஐஸ் என்றால் அதில் உப்பு இருக்கும் என்று அவன் புத்தியில் ஏற்கெனவே ஓர் இடம் காலியாக இருந்தது, பேங்க்காரர் சொன்னது அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். "நானே நாக்குல வச்சுப் பாத்தேன் தையலு, சுள்ளுன்னு உப்பு" என்று அடித்துவிட்டான். அவளுக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. கங்கை, தாஜ்மகால், ஒட்டகம் எல்லாம் டிவியில் வருகிறது, பனியும் வருகிறது, ஆனால் பனியின் ருசி எந்த டிவியில் வரும்? அது அவள் புருஷன் அவளுக்கென்று கொண்டுவந்தது. தெருவில் ஒருத்தி விடாமல் சொல்லியிருக்கிறாள். போகணும், போய் நாக்கில் வச்சுப் பாக்கணும், என் ஆயுசுக்கு அது ஒண்ணு போதும் என்பாள். இருபது வருஷம் முடித்த சமையல்காரனுக்குக் கம்பெனியில் பெண்டாட்டிக்கு ஒரு சீட் தருகிற வழக்கம், இந்த வருஷம் அது அவளுக்கு வந்தது. சீட்டு வந்த அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. டெல்லியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு" என்றாள். குருக்ஷேத்திரத்திலும் அதையே சொன்னாள். அவன் நெஞ்சு நிமிர்ந்தது, அட, நாம் அடித்துவிட்டதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது போல என்று தெம்பாக நடந்தான். நேற்று சாயங்காலம் சுண்டல் கொடுக்கும்போது அந்தத் தெம்பில் மண் விழுந்தது.

பொன்னுரங்கம் வாத்தியார், திருவாரூரில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், பஸ்ஸில் எது கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரு பாடம் எடுப்பார். தையல்நாயகி பெண்கள் நடுவில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரர் பதினாலு தடவை பாத்திருக்காரு, பனி உப்பா இருக்குமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் சுண்டல் தொன்னையை நிறுத்தி, "என்னம்மா இது, பனிங்கிறது சுத்தமான தண்ணிம்மா, அதுல உப்பு எங்கேர்ந்து வரும், சப்புன்னுதான் இருக்கும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணியின் கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது. தையல்நாயகி அவனைத் திரும்பிப் பார்த்தாளா? பார்க்கவில்லை, அதுதான் கொடுமை, ஒரு சந்தேகம் இருந்தால்தானே பார்ப்பாள். "நீங்க படிச்சவங்க, புஸ்தகத்துல இருக்கறதச் சொல்றீங்க. அவர் நாக்குல வச்சுப் பாத்தவரு. நாளைக்குத் தெரியப்போவுது வாத்தியாரே" என்றாள். வாத்தியாரும் விடவில்லை, "சரிம்மா, நாளைக்கு எல்லார் முன்னாலயும் ருசி பாப்போம்" என்றார். பந்தயம் போலவே ஆகிவிட்டது. அவன் மானம் கப்பலேறினால் ஏறட்டும், சமையல்காரன் மானத்தை யார் தேடப்போகிறார்கள், அவளை அல்லவா நாற்பது பேர் நடுவில் நிறுத்திவைத்திருக்கிறான். புருஷன் பேச்சை வேதமாக வைத்துக்கொண்டு மலைமேல் போய், வாயைத் திறந்து, எல்லாரும் பார்க்க, சப்பென்று. அப்புறம் அவள் முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தை நினைக்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது பிடிக்கிறான், தேங்காய் துருவியாயிற்றா, அப்பளம் எண்ணிவைத்தாயிற்றா, நழுவி நழுவி அதே முகத்தில் போய் விழுகிறான்.

காலையில் சொல்லியிருக்கலாம். ஜீப் கிளம்புமுன் கொட்டகைக்கு வந்தாள், இட்லி டப்பாவும் பெரிதும் சிறிதுமாக இரண்டு தூக்கும் எல்லாருக்குமாக ஒரு பை வெள்ளரிக்காயும் எடுத்துக்கொள்ள. வெள்ளரிக்காய்க்குத் தொட்டுக்கொள்ள அவன் கைப்பட வறுத்துப் பொடித்த உப்பைக் காகிதத்தில் நாலாக மடித்துக் கொடுத்தான், தாராளமாகவே வைத்தான். குல்லாய்க்குள் அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. தையலு, ஒண்ணு சொல்லணும். இவ்வளவுதான், மூன்று வார்த்தை. நான் மேலே போனதே இல்லை, அது ஒரு நாலு. வாயைத் திறந்தான், "பட்டனை மேல வரைக்கும் போட்டுக்க, காத்து அடிக்கும்" என்று வந்தது. "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்களுக்குத் தெரியாததா! போனில் சொல்லிவிடலாமா? இப்போதேகூடச் சொல்லலாம், நாக்கில் வைக்காதே, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடு, வயிறு கெட்டுப்போகும் என்று ஏதாவது. கையைத் துடைத்துக்கொண்டு அவள் நம்பரை அழுத்தினான். தலைக்கு மேலே, ஓட்டல் மாடி அறைக்குள்ளிருந்து மணி அடித்தது. பனிக்குள் விழுந்துவிடும் என்று போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது அடித்து ஓய்கிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "யாருக்குடா போன் போடறே, மாடிக்கா?" என்றார் கோதண்டம். மேலே கூடப் போயிருக்கிற கம்பெனி மேனேஜருக்குப் போட்டான், ஒரு பெண்பிள்ளை இந்தியில் ஏதோ சொன்னாள், கிடைக்காது என்பதை அவளைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

பத்தே முக்கால். முடிந்திருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை ஜீப்பில் இடம் இருந்தது, யாருக்கோ காய்ச்சல், வராமல் படுத்துவிட்டார். மேனேஜரே வந்து, "வாய்யா மாசிலாமணி, இன்னிக்குக் கோதண்டம் பாத்துக்கட்டும், நீ ஒரு தடவை பாத்துட்டு வா" என்றார். கிளம்பினான், சட்டைகூட மாற்றினான். ஜீப் படியில் கால் வைக்கும்போது, பருப்பு வேகாதே, அண்ணனுக்கு இந்த ஊர்த் தண்ணீர் பிடிபடாதே, நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்து கத்துவார்களே என்று இறங்கிவிட்டான். பருப்பாம். யாரிடம் கதை விடுகிறாய் மாசிலாமணி. பருப்பு இல்லை. அதற்குள் பனியைப் பற்றி ஐந்து வருஷக் கதை சொல்லியாகிவிட்டது, மேலே போய் அது வேறு மாதிரி இருந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவளிடம் எதைச் சொல்வது, பார்த்ததையா, சொன்னதையா? அந்தப் பயம். பார்க்காதவனுக்கு இருக்கிற தைரியம் பார்த்தவனுக்கு இருக்காது. பார்க்காமலே இருந்தால் அவன் பனி அவன் பனியாகவே இருக்கும், உப்பு உப்பாகவே இருக்கும். சீ, என்ன பிழைப்பு இது, ஒரு பிடி ஐஸுக்குப் பயந்து பதினான்கு தடவை மலையடியில் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. என்ன சொல்லிச் சமாளிக்கலாம்? அந்த வருஷம் அப்படி இருந்தது, இந்த வருஷம் மழை ஜாஸ்தி, உப்பு கழுவிப் போயிருக்கும். நான் வைத்துப் பார்த்தது வேறு மலை. என் கையில் உப்பு ஒட்டியிருந்திருக்கும் தையலு, சமையல்காரன் கைதானே. இது நன்றாக இருக்கிறது, இது நிற்கும், கையில் உப்பு ஒட்டியிருந்திருக்கும், இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், மூன்றாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டான். இன்னொரு பொய்யை மடித்து அவள் கையில் கொடுப்பதா? போதும். வந்ததும் சொல்லிவிடுவது, நான் எதையும் பார்த்ததில்லை, எல்லாம் பந்தியில் பொறுக்கியது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. அப்புறம் அவள் சனிக்கிழமை எண்ணெய் வைப்பாளா? வைப்பாள், கடமைக்கு வைப்பாள், ஆனால் கேட்க மாட்டாள். என்ன பாத்தீங்க என்று கேட்காமல் எண்ணெய் மட்டும் தேய்த்தால் அதைவிட வேறு தண்டனை என்ன இருக்கிறது? பருப்பு வெந்துவிட்டது. சோறு வடித்தாயிற்று. ஒரு மணிக்குக் கற்பூரம் ஏற்றி அண்டாக்களுக்கு முன்னால் காட்டினான், சாமி, அவளைப் பார்த்து யாரும் சிரித்திருக்கக்கூடாது என்று கும்பிட்டான், தனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஜீப் சத்தம். ஒன்று, இரண்டு, வரிசையாக. கதவு சாத்துகிற சத்தம், சிரிப்பு, யாரோ பெண்பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள்? மாசிலாமணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்டாவோடு ஒட்டி நின்றான். முதலில் கொட்டகைக்குள் வந்தவர் பொன்னுரங்கம் வாத்தியார். மூக்கு சிவந்து, குல்லாய் ஒரு பக்கம் சாய்ந்து, நேராக அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்றார். வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டான். "யோவ் மாசிலாமணி! முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்துனவன்யா நான்! உங்க வீட்டம்மா தூக்குல அள்ளிக் கொண்டாந்து எல்லார் கையிலயும் ஒவ்வொரு பிடி குடுத்தாங்க. வாயில போட்டா உப்புய்யா! சுள்ளுன்னு!" மாசிலாமணி கண்ணைத் திறந்தான். வாத்தியார் காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார், இந்த மலைப்பக்கம் பாறை உப்பு உண்டு, அது கரைந்து காற்றில் ஏறி எப்படியோ பனியில் படிகிறது, ஊருக்குப் போனதும் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும், "நீ சொன்னதுதான்யா சரி, அந்தம்மாகிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்று சொல்லி அவன் தோளில் தட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். அப்படியானால் உப்புத்தானா? நிஜமாகவே உப்புத்தானா? பேங்க்காரர் விளையாட்டுக்குச் சொல்லவில்லையா? ஒரு நிமிஷம், சரியாக ஒரு நிமிஷம், மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்தது, நாம் பொய்யே சொல்லவில்லை, இருபது வருஷமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று கோதண்டத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

தையல்நாயகி கடைசியாக வந்தாள். ஆணிக்காலை ஊன்றாமல் சாய்ந்து சாய்ந்து வந்தாள், புடவை முழங்கால் வரை ஈரம். துணிப்பையைப் பலகையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். காலி இட்லி டப்பா. வெள்ளரிக்காய், வெள்ளரிக்காய், வெள்ளரிக்காய், கொடுத்துவிட்ட அத்தனையும் அப்படியே இருந்தது. "யாரும் சாப்பிடலையா?" என்றான். "உப்பில்லாம யாரு சாப்பிடுவா" என்றாள். பையின் அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். காலி. ஒரு துகள் இல்லை. பழையபடி நாலாக மடித்திருந்தது. மாசிலாமணி காகிதத்தைப் பார்த்தான், வெள்ளரிக்காயைப் பார்த்தான். மற்றவர்களுக்கு முன்னால் போய்த் தனியாகக் குனிந்து நாக்கில் வைத்தவள், அந்த இடத்தில் தனியாக நின்றவள், அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தவள், எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்த மாதிரி பார்த்தான். அவள் ஒரு சின்னத் தூக்கைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். "இது உங்களுக்குன்னு தனியா எடுத்தாந்தேன். வர்ற வழியில கரைஞ்சு போச்சு, குடிங்க." குடித்தான். பல்லெல்லாம் கூசியது. சப்பென்று இருந்தது, ஊர்க் குழாய்த் தண்ணீரில் இருக்கிற ருசிகூட அதில் இல்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது, தூக்கை வாயிலிருந்து எடுக்காமல் நின்றான், எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "தையலு, நான்..." என்றான் தூக்குக்குள்ளேயே. அவள் அதைக் காதில் வாங்கினாளா இல்லையா தெரியவில்லை. பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று கோதண்டம் குரல் கொடுத்தார். அவள் கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கி, சாம்பாரில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இதுலயும் உப்பில்லைங்க" என்று சொல்லிவிட்டு, உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினாள்.